ஓரிரு இடங்களில் இடியுடன் மழை

ஈப்போ புந்தோங் பக்கத்தில் கூடாரம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவைப் பற்றிப் பேச்சு எழுந்தால், யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "யாரு, சாவு வீட்டுல கூடாரத்தைப் பறக்க விட்டாங்களே, அவங்களா?" அப்படிப்பட்ட பேச்சுகளில் நானும் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். பறந்தது என் அப்பாவின் சாவுக்குப் போட்ட கூடாரம். அது ஏன் பறந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு பல வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அக்காவும் இல்லை. யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன். அவர் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. தன் லோரியிலேயே பெயர் எழுதாமல் தொலைபேசி எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தவர் அவர்.

எனக்கு ஒலிபெருக்கித் தொழில். கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா, கருமாதி என்று எங்கே மைக் வேண்டுமோ அங்கே நான் இருப்பேன். எங்கே நிழல் வேண்டுமோ அங்கே அக்கா இருப்பார். ஆகவே வாரத்தில் மூன்று நாளாவது இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்போம். முழுக்கைச் சட்டையும் ரப்பர் பூட்சும் போட்டுக்கொண்டு, ஐம்பது வயதில் மூன்று டன் லோரியைத் தானே ஓட்டி வருவார். அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார். தெரியாதவர்கள் திமிர் பிடித்தவர் என்பார்கள். அது திமிர் இல்லை, மேகம் பார்ப்பது. அப்படி நடந்து இரண்டு தடவை லோங்கானில் விழுந்திருக்கிறார். சாக்கடையிலிருந்து எழுந்த வேகத்தில் மறுபடியும் மேலே பார்த்ததை நான் கண்ணால் கண்டேன்.

அக்காவுக்கு வாரம் பிறப்பது திங்கட்கிழமை காலையில். வானிலைத் துறையின் அடுத்த ஏழு நாள் மழை நிலவரம் கைப்பேசியில் வந்ததும், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு மூன்று முறை படிப்பார். நம்மைப் போன்றவர்கள் மேல் வரியைப் படிப்போம். மழை அதிகமா, குறைவா, தீர்ந்தது. அவர் நேராகக் கடைசி வரிக்குப் போவார். அங்கேதான் அந்த மூன்று மலாய் வார்த்தைகள் இருக்கும்: சத்து டுவா தெம்பாட். ஓரிரு இடங்களில். ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யலாம் என்று எழுதியிருப்பார்கள். வருடம் முழுக்க ஏதாவது ஒரு வாரத்தில் ஏதாவது ஒரு வரியில் இது இருக்கும். யாரும் பொருட்படுத்த மாட்டோம். அக்கா மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்.

"ஓரிரு இடம்னு போட்டிருக்கான். அந்த ஓரிரு இடம் யாரோட இடம்? யார் தலை?" என்று கேட்பார். பிறகு எங்களுக்கெல்லாம், அதாவது எனக்கு, சமையல்காரருக்கு, பூக்கடைக்காரருக்கு, குரல் பதிவு அனுப்புவார். அரை நிமிடம்தான் இருக்கும். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. மழை, காற்று, இடி, முடிந்தது.

பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மழை பெய்து மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை, அன்றைக்கு வீட்டில் சோறும் கொஞ்சம் குறையும் என்று பார்த்து வளர்ந்தவர். அதனால்தான் இப்படி என்று நான் ஒருமுறை பெரிய மேதை மாதிரி சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. எனக்கு யாரையும் நம்பப் பிடிக்காது. வானமும் அதுல ஒண்ணு" என்றார்.

உண்மை அதுதான். அவர் யாரையும் நம்ப மாட்டார். வேலைக்காரர்கள் கட்டிய முடிச்சை அவிழ்த்துத் தானே மறுபடி கட்டுவார். தார் ரோட்டில் முளை அடிக்க முடியாது என்பதால், கூடாரத்தின் ஒவ்வொரு காலிலும் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைக் கட்டி அதில் தண்ணீர் நிரப்பி வைப்பது வழக்கம். தோங் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பீப்பாயின் கனம்தான் கூடாரத்தைத் தரையில் பிடித்து வைத்திருக்கும். நிரப்பிவிட்டோம் என்று ஆள் சொன்னால் ஏற்க மாட்டார். ஒவ்வொரு மூடியையும் திறந்து, கையை முழங்கை வரை விட்டுப் பார்த்து, மறுபடி மூடுவார்.

கல்யாண வீட்டுக்காரர்கள் மழை வராமலிருக்க ஈர்க்குச்சியில் மிளகாயும் வெங்காயமும் குத்தி மண்ணில் நட்டு வைப்பார்கள். இங்கே தமிழர், மலாய்க்காரர் எல்லாருக்கும் பொதுவான நம்பிக்கை அது. அக்கா சிரிக்க மாட்டார். "குத்துங்க, நல்லா குத்துங்க. எனக்குத் தண்ணிக் குழாய் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க" என்பார்.

அவரிடம் ஏச்சு வாங்காத வீடு இல்லை, அவரை ஏசாத வீடும் இல்லை. மெங்லெம்புவில் ஒரு சடங்கு வீடு. பட்டுப்புடவை, ஆரத்தி, நூற்றைம்பது பேர், சுள்ளென்று வெயில். அக்கா கிளேடாங் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று என்னிடம் வந்து மைக்கைப் பிடுங்கி, "எல்லாரும் எழுந்து வீட்டுப் பக்கம் போங்க, கூடாரத்தை இறக்கப் போறேன்" என்றார். சாப்பாட்டுத் தட்டோடு சனம் எழுந்து ஓடியது. நான் ஒலிப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கூடாரம் இறங்கியது. ஒரு சொட்டு மழை வரவில்லை, ஓர் இலை ஆடவில்லை. பெண்ணின் அப்பா அவர் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக் கத்தினார். அக்கா நிதானமாகச் சொன்னார்: "வரலன்னா நல்லதுதானேலா. அதுக்கா ஏசுறீங்க?"

அன்றைக்கு நானும் அவரை மனதுக்குள் திட்டினேன். இந்த அம்மா இல்லாமல் தொழில் செய்ய முடியாதா என்றுகூட நினைத்தேன். ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை அவருடைய குரல் பதிவு வந்ததும் முதலில் கேட்டவன் நான்தான்.

அப்பா இறந்த வாரம் நல்ல வறட்சி. திங்கட்கிழமை அக்கா சொன்னார்: "இந்த வாரம் மழை கம்மின்னு போட்டிருக்கு. சூடு ஏறும். சூடு ஏறுனா காத்து கெட்டுப்போகும். வியாழக்கெழம சாயங்காலம் சத்து டுவா தெம்பாட் இடி மழை. குழாய் ரிப்பேர்னு தண்ணி வேற வெட்டுறாங்க, பிடிச்சு வெச்சுக்குங்க." நான் பிடித்து வைக்கவில்லை. புதன்கிழமை காலையில் அப்பா குளியலறையில் விழுந்தார். மருத்துவமனையில் மதியம் போய்விட்டார்.

கூடாரத்துக்கு நான் யாரையும் அழைக்கவில்லை. செய்தி கேட்டு அக்காவே லோரியோடு வந்து நின்றார். தெருவில் ஒரு வீட்டிலும் தண்ணீர் இல்லை. அவருடைய பீப்பாய்களில் மட்டும் தளும்பத் தளும்பத் தண்ணீர். வெட்டு வரும் என்று ஞாயிற்றுக்கிழமையே தன் வீட்டில் நிரப்பி வைத்துவிட்டிருந்தார். எங்கள் வீட்டு வாசலில் தெருவை அடைத்துக் கூடாரம் போட்டு, ஒவ்வொரு காலிலும் பீப்பாயைக் கட்டினார். கூடுதலாக இரண்டு பீப்பாய்களைச் சுவர் ஓரம் வைத்தார். "இந்த ரெண்டும் மனுஷங்களுக்கு. மத்தது கூடாரத்துக்கு" என்று எங்கள் அத்தைகளுக்குக் கேட்கும்படி சொன்னார்.

மறுநாள் வியாழக்கிழமை. மூன்று மணிக்குமேல் எடுப்பது என்று முடிவு. மதியம் அக்கா என்னிடம் வந்தார். குனோங் ராபாட்டில் அவருடைய இன்னொரு கூடாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் நின்றது. அதை மாலைக்குள் இறக்க வேண்டும், பிள்ளைகள் இருக்கிற இடம்.

"ஒரு மணி நேரத்துல வந்துருவேன் தம்பி. தோங்குல யாரும் கை வைக்காம பார்த்துக்க. நீ இருக்கேல்ல, உனக்குச் சொல்லணுமா?"

"நான் பார்த்துக்கிறேன்க்கா" என்றேன்.

அவர் போன அரை மணி நேரத்தில் அப்பாவை வாசலுக்குக் கொண்டுவந்து கூடாரத்தின் கீழே பலகையில் கிடத்தினோம். குளிப்பாட்ட வேண்டும். மகனும் பங்காளிகளும் குடம் எடுத்துக்கொண்டு தெருமுனைக் குழாய்க்கோ கோவில் குழாய்க்கோ போய் நீர் கொண்டு வருவது எங்கள் வழக்கம். அதை நீர்மாலை என்போம். எந்தக் குழாயில் போய் எடுப்பது? சுவரோர இரண்டு பீப்பாய்களும் காலையிலிருந்து தேத்தண்ணீருக்கும் பாத்திரம் கழுவவும் போய் அடி தெரிந்துவிட்டன. தண்ணீர் லோரி மூன்று மணிக்குத்தான் வரும் என்றார்கள்.

ஒரு தம்பி முறைக்காரன், "கடையில மினரல் தண்ணி வாங்கிட்டு வரட்டா?" என்றான்.

அம்மா அதைக் கேட்டு அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. "உங்கப்பா ஒரு நாள்கூட ரெண்டு வேளை குளிக்காம இருந்தது இல்லைய்யா. போத்தல் தண்ணியை ஊத்தியா அனுப்பப் போற?"

நான் எழுந்தேன். பீப்பாய் மூடியைத் திறக்கும் சாவியை அக்கா எங்கே வைப்பார் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கடைசிக் காலுக்குப் பின்னால் ஒரு பால் டின்னில். எடுத்தேன். மேற்கு மூலையில் இருந்த பீப்பாயைத் திறந்தேன். ஒரு பீப்பாயில் பாதிதானே, தண்ணீர் லோரி வந்ததும் நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். வானத்தைப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. குடத்தை முக்கினேன்.

நான் செய்த தவறு அதோடு நிற்கவில்லை. மூடியைப் போடாமல், சாவியை அதன் மேலேயே வைத்துவிட்டுக் குடத்தோடு அப்பாவிடம் போய்விட்டேன். தொழில் தெரிந்தவனே திறந்துவிட்டான், இனி என்ன என்று மற்றவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. குளிப்பாட்டி முடித்தவர்கள் தலை நனைக்க வேண்டும், கால் கழுவ வேண்டும். ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் திறந்தார்கள். அப்பாவுக்கு வேட்டி கட்டிப் பெட்டியில் வைத்து நான் நிமிர்ந்தபோது, மேற்கு வரிசையில் நான்கு பீப்பாய்களும் காலி. அதுவும் எனக்கு அப்போது தெரியாது.

அக்காவின் லோரி தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. சாவு வீட்டுத் தெருவில் யாரும் அப்படி ஹாரன் அடிக்க மாட்டார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கிளேடாங் மலையைப் பார்த்தேன். மலை இல்லை. அது இருந்த இடத்தில் மண்டிக் கறுத்த ஒன்று எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அக்கா லோரியிலிருந்து குதித்து நேராக மேற்கு வரிசைக்குப் போனார். பீப்பாயைக் காலால் ஒரு தள்ளு தள்ளினார். அது நகர்ந்தது. அடுத்ததைத் தள்ளினார். அதுவும் நகர்ந்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"யாரு தம்பி தண்ணி எடுத்தது?"

மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் கையிலிருந்த கொள்ளிச்சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் காத்திருக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "எல்லாரும் வீட்டுக்குள்ள போங்க! கூடாரம் நிக்காது! பெட்டியையும் உள்ள தூக்குங்க!"

என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், முன்னால் வந்தார். எங்கள் வீட்டில் அவர் சொல்தான் சொல். "என்ன பேசுறீங்க? வெளிய எடுத்த பொணத்தை மறுபடி உள்ள கொண்டு போறதா? இந்த வீட்டுல இன்னொரு சாவு விழணுமாலா?"

"காத்து வருதுங்கய்யா."

"வறட்சின்னு ரேடியோவுல சொல்றான். எங்கருந்து காத்து?"

முதல் வீச்சு அப்போதே வந்துவிட்டது. கூடாரத்தின் மேற்குப் பக்கம் தரையைவிட்டு ஓர் அடி எழும்பி, தொப்பென்று உட்கார்ந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் உருண்டன. பெண்கள் அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். அம்மா மட்டும் நகரவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நான் வரல. இவர வெளிய போட்டுட்டு நான் மட்டும் உள்ள போக மாட்டேன்" என்றார்.

நான் அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. தலைக்கு மேலே இரும்புக் குழாய்கள் ஒன்றோடொன்று மோதிக் கிறீச்சிட்டன. பெட்டியை உள்ளே கொண்டு போக ஆள் இல்லை, பெட்டி இல்லாமல் அம்மா இல்லை. எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன்.

பின்னால் லோரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. அக்கா லோரியைக் கூடாரத்துக்குள்ளேயே பின்புறமாகக் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவை இறக்கினார்.

"லோரி வீடும் இல்ல, வெளியும் இல்ல. இதுல ஏத்துனா குத்தம் இல்ல. தூக்குங்கலா!"

பெரியப்பா ஒரு விநாடி யோசித்தார். பிறகு அவரே பெட்டியின் தலைமாட்டைப் பிடித்தார். ஆறு பேர் தூக்கி ஏற்றினோம். அம்மாவை அக்கா இடுப்பைப் பிடித்துத் தூக்கி உள்ளே விட்டார். என்னையும் உள்ளே தள்ளினார். தான் ஏறாமல் மேற்குக் காலுக்கு ஓடினார். கூடாரம் பறந்தால் எதிர் வீட்டுக் கூரை மேல் விழும், அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பக்கக் கயிற்றையாவது அவிழ்த்துத் துணியைச் சாய்த்துவிட நினைத்தார்.

இரண்டு முடிச்சுகள் அவிழ்ந்தன. மூன்றாவதற்குள் காற்று முழுவதும் வந்துவிட்டது. கூடாரம் முழுதாக எழும்பிச் சுழன்று, அவிழ்த்துவிட்ட பக்கம் தரையில் இழுபட்டதால் எதிர் வீடு வரை போகாமல், பெரியப்பாவின் கார் மேல் விழுந்தது. ஒரு குழாய் அக்காவின் தோளில் அடித்தது. லோரிக்குள்ளிருந்து பார்த்தேன். அவர் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிறகு மழை கொட்டியது. இருபது நிமிடம். அந்த வாரம் முழுக்க ஈப்போவில் வேறெங்கும் மழை இல்லை.

மழை விட்டதும் எல்லாரும் வெளியே வந்தார்கள். உடைந்த காரைப் பார்த்தார்கள். பெரியப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இத்தனை வருஷமா கூடாரம் போடுறீங்க, ஒழுங்கா கட்டத் தெரியாதா? என் தம்பி சாவுல இப்படிப் பண்ணிட்டீங்களே."

ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தார். ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியவன் நான். குனிந்து, உருண்டு கிடந்த நாற்காலிகளை நிமிர்த்தத் தொடங்கினேன்.

"தப்புதான். மன்னிச்சிருங்க" என்று அக்கா சொன்னார். சொல்லிவிட்டு ஒற்றைக் கையால் கயிறுகளைச் சுருட்டத் தொடங்கினார்.

கருமாதி முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "தெரியும். சாவி அந்த டின்னுல இருக்குன்னு உனக்குத்தானே தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நான் தோங்கை யார்கிட்டயும் விட்டுட்டுப் போனதில்ல. உன்கிட்ட விட்டேன். அது என் தப்பு."

"பெரியப்பாகிட்டயும் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்க்கா."

அவர் தூளியை இழுத்துச் சரிசெய்தார். பிறகு கேட்டார்: "அந்தத் தண்ணியிலதானே உங்கப்பாவைக் குளிப்பாட்டுன?"

"ஆமா."

"அப்ப சொல்லாத. அந்தம்மா அழுததாலதானே எடுத்த? தான் அழுததாலதான் இவ்வளவும்னு தெரிஞ்சா அவங்களுக்குச் சோறு இறங்குமா? அவங்க இருக்குற வரைக்கும் சொல்லாத. அப்புறம் சொல்லிக்கலாம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைக்கப் போவதில்லை. அவருடைய பெரிய மனசை நினைத்து நான் அன்றைக்கு உருகவில்லை. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். கெட்டுப்போன பெயர் காய்ச்சல் மாதிரி இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சரியாகவில்லை. கோவிலில் வேறு ஆளை அமர்த்தினார்கள். கல்யாண வீடுகளில் அவர் பெயரைச் சொன்னாலே, "ஐயோ, அந்த அக்காவா" என்றார்கள். வருடக்கணக்காக ஒவ்வொரு பீப்பாய்க்குள்ளும் கைவிட்டுப் பார்த்தவரை, கட்டத் தெரியாதவர் என்றார்கள். அதை என் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றே சொன்னார்கள். அவர் இரும்பையும் துணியையும் விற்றுவிட்டு, பீடோரில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போன பிறகும் திங்கட்கிழமைக் குரல் பதிவு எனக்கு நிற்காமல் வந்தது. கூடாரம் இல்லாதவருக்கு மழை எதற்கு? எனக்காகத்தான் படித்தார். ஒவ்வொரு தடவையும் வண்டியை ஓரமாக நிறுத்திக் கேட்பேன். எப்போதாவது அந்தப் பேச்சை எடுப்பாரோ என்று கடைசி வார்த்தை வரை காத்திருப்பேன். எடுத்ததே இல்லை.

அம்மா போனபோது அக்கா பீடோரிலிருந்து பேருந்தில் வந்தார். வேறு ஆளின் கூடாரம். யாரோ ஒரு மாமா, "பார்த்துலா, பறக்க விட்ட அக்கா வந்திருக்காங்க, கூடாரத்தைப் பிடிச்சுக்குங்க" என்றார். நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மைக் என் கையில் இருந்தது, உயிரோடு இருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. எடுப்பதற்கு முன்பே அவர் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகும் திங்கட்கிழமைகள் வந்தன. மழை, காற்று, இடி. நான்கு மாதம் கழித்து ஒரு பதிவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. "இந்த வாரம் தினம் சாயங்காலம் மழை. பேராக் ஆத்து ஓரம் ஜாக்கிரதை" என்றவர், மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "உங்கம்மா போயி நாலு மாசம் ஆச்சு தம்பி."

அவ்வளவுதான். யாரிடமும் எதையும் கேட்காதவர் கேட்டுவிட்டார்.

வண்டியிலிருந்தே பெரியப்பாவை அழைத்தேன். "பெரியப்பா, அப்பா சாவுல தோங்குத் தண்ணியத் தெறந்தது நான்தான். அந்தக்கா மேல தப்பு இல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் இருமல். பிறகு, "தெரியும்லா" என்றார்.

"தெரியுமா?"

"குடத்தை முக்குனப்ப நான் பக்கத்துலதானே நின்னேன். கொள்ளி வைக்கப் போற புள்ள மேலயா பழியைப் போடுறது? அந்தம்மா வெளியாள். போயிட்டுப் போகுதுன்னு விட்டோம். வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"அம்மாவுக்கு?"

"அவதான்டா மொதல்ல சொன்னா. மழை விட்டு நீ எறங்கிப் போனதும் லோரிக்குள்ளருந்து என்னைக் கூப்பிட்டு, 'மாமா, புள்ளயக் காட்டிக் குடுத்துடாதீங்க, அந்தப் பொம்பள மேலயே இருக்கட்டும்'னா. அதுக்கப்புறம்தான் நான் வாயைத் தெறந்தேன்."

எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. செத்துப்போன அம்மா மேல் வரக்கூடாத கோபம். தன்னையும் பெட்டியையும் ஏற்றிய லோரிக்குள் உட்கார்ந்துகொண்டு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்ற நினைப்பு கோபத்தைத் தணிக்கவில்லை, கூட்டியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் பேத்திக்குக் காதுகுத்து. சொந்தம் அத்தனையும் வரும். நான் பீடோருக்குப் போய் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வயது கூடியிருந்தது, தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. முன்வரிசையில் உட்கார வைத்தேன். சாப்பாடு தொடங்குவதற்கு முன் மைக்கை எடுத்து, தண்ணீரைத் திறந்தவன் நான், அதை மறைத்தவனும் நான், இந்த அக்கா இல்லாவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு பிணம் விழுந்திருக்கும் என்று சொன்னேன். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். முன்பு கேலி செய்த மாமா எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். சிலர் அழுதார்கள். சிலருடைய முகத்தில் வியப்பே இல்லை என்பதை நான் கவனித்தேன். அக்கா கவனித்தாரா என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் கோப்பெங் தாண்டும் வரை அவர் சன்னல் வழியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்:

"உங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுதானே தம்பி?"

சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "தெரியாதுக்கா" என்றேன்.

யார் என்ன சொன்னாலும் மூடியைத் திறந்து கைவிட்டுப் பார்க்கிறவர், அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"அது போதும்லா. அதுக்குத்தானே" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.